தாங்கும் மரமும் தாங்கவைக்கும் மனிதனும்

நகரத்துச் சாலையோரத்தில் நடுவதற்கு எந்த மரம் ஏற்றது என்று தோட்டக்கலை வல்லவரைக் கேட்டால், வெயிலையும் புகையையும் வறட்சியையும் தாங்கக்கூடிய மரமே ஏற்றது என்று அவர் தயங்காமல் விடை சொல்வார். அந்த விடை அனுபவத்தில் விளைந்தது. அதில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் அவ்விடையின் உள்ளே அறத்தைப் பற்றிய ஒரு பெரிய கேள்வி அடங்கிக் கிடக்கிறது. ஓர் உயிர் துன்பத்தைத் தாங்கவல்லது என்ற காரணத்தால், துன்பம் நிறைந்த இடத்தில் அதனைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு நமக்கு உரிமை உண்டாகிவிடுமா? உரிமை உண்டென்றால், அவ்வுரிமையோடு உடன்பிறந்து வரும் கடமை யாது? மண்வெட்டியும் மரக்கன்றுமாகப் புறப்படும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, இக்கேள்விக்குத் தம் செயலாலேயே விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வழியோரத்தில் மரம் வைப்பது நம் நாட்டில் வெறும் தொழிலாக அன்றிச் சமயக் கடமையாகவே போற்றப்பட்டு வந்திருக்கிறது. தருமத்தை இஷ்டம் என்றும் பூர்த்தம் என்றும் இரு கூறாக வகுத்த ஸ்மிருதிகாரர்கள், வேள்வி முதலியவற்றை இஷ்டத்தில் வைத்து, கிணறு, குளம், சோலை, அன்னதானம் ஆகிய பொதுநலப் பணிகளைப் பூர்த்தத்தில் வைத்தார்கள். பௌத்தரின் சம்யுத்த நிகாயமோ, சோலை வைப்போருக்கும் பாலம் அமைப்போருக்கும் தண்ணீர்ப் பந்தல் நிறுவுவோருக்கும் புண்ணியம் இரவும் பகலும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்னும் கருத்தைச் சொல்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி பொறிக்கச் செய்த இரண்டாம் பாறைச் சாசனம், தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட சோழ பாண்டியர் நாடுகளையும் கேரளபுத்திரர் நாட்டையும் தாமிரபரணியையும் பெயர் சொல்லிக் குறித்து, மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி செய்ததையும், மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுவந்து நடுவித்ததையும், வழிகளில் கிணறு வெட்டி மரம் வைத்ததையும் கூறுகிறது. பிற்காலத்தில் மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயர், போர்களைக் காட்டிலும் சாலைகளோடும் சத்திரங்களோடும் சேர்த்தே இன்றும் நம் மக்கள் நாவில் வழங்குகிறது.

இவற்றுள் அசோகரின் ஏழாம் தூண் சாசனத்தில் வரும் ஒரு கருத்து நம் நினைவில் நிற்கத்தக்கது. மக்களுக்கும் விலங்குகளுக்கும் நிழல் தருமாறு வழிகளில் ஆலமரங்களை நடுவித்ததையும், மாந்தோப்புகளை உண்டாக்கியதையும், கிணறுகளைத் தோண்டுவித்ததையும் சொல்லி முடித்த அம்மன்னர், இத்தகைய சௌகரியங்கள் சிறியனவே, முன்னிருந்த மன்னர்களும் இவற்றைச் செய்திருக்கிறார்கள், மக்கள் தருமத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதற்காகவே தாம் இவற்றைச் செய்ததாகத் தெரிவிக்கிறார். மரத்தின் நிழல் பிரயாணியின் உடலுக்கு. மரம் வைக்கும் செயலோ வைப்பவனின் ஆன்மாவைப் பண்படுத்துவதற்கு. ஆகவே எந்த மரத்தை வைக்கிறோம் என்பதோடு, எந்த மனத்தோடு வைக்கிறோம் என்பதும் ஆராய்ச்சிக்கு உரியதாகிறது.

அசோகர் வைத்த ஆலுக்குத் திறந்த மண் இருந்தது. விழுது இறக்கிப் பரவ இடமும், பெய்த மழை தங்கி ஊறுவதற்குத் தரையும் இருந்தன. இக்காலத்து நகரச் சாலையில் நிற்கும் மரத்தின் நிலை வேறு. தாரும் சிமெண்டும் பகலெல்லாம் உண்ட வெப்பத்தை இரவிலும் உமிழ்கின்றன. வாகனங்களின் புகையும் புழுதியும் இலைகளில் படிகின்றன. மிதித்தும் இடித்தும் இறுகிப்போன மண்ணில் வேருக்கு நீர் மட்டுமன்றிக் காற்றும் கிடைப்பதில்லை. கீழே கழிவுநீர்க் குழாயும், மேலே மின்கம்பியும், பக்கத்தில் வீட்டுச் சுவரும் அதன் வளர்ச்சிக்கு எல்லை வகுக்கின்றன. இத்தகைய இடத்தில் மென்மையான செடியைக் கொண்டுவந்து நட்டு, அது ஒரு கோடையில் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கருணை ஆகாது. வன்மையுள்ளதைத் தேர்ந்தெடுப்பதே இங்கு அகிம்சையின் முதற்படி என்பதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தேர்ந்தெடுப்பது என்பது ஒவ்வொன்றன் சுபாவத்தையும் அறிவது. புங்கமரம் அவரை, துவரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்கொள்ளும் ஆற்றல் பெற்றமையால் வளமற்ற மண்ணிலும் பிழைக்கிறது. பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, வெயில் முதிரும் பருவத்திற்குள் தளிர்த்துக் குளிர்ந்த நிழலைத் தந்து நிற்கிறது. பூவரசும் புன்னையும் கடற்காற்றின் உப்பைப் பொறுக்கும். வேம்பு வறட்சியைப் பொறுக்கும். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் இருபுறமும் வாகனங்கள் விரையப் பூத்து நிற்கும் அரளியின் இலையைக் கூர்ந்து ஆராய்ந்தால், மற்றச் செடிகள் பலவற்றில் இலைப்பரப்பிலேயே திறந்திருக்கும் மூச்சுத் துளைகள், இதில் இலையின் அடிப்புறத்துச் சிறு குழிகளுக்குள் மென்மயிர் சூழ அமைந்திருப்பதையும், அதனால் ஈரம் எளிதில் வெளியேறாமல் காக்கப்படுவதையும் காணலாம். அதன் நஞ்சு காரணமாக ஆடுமாடுகள் அதனை அணுகுவதில்லை. உண்பாருக்கு நஞ்சாகும் அச்செடியின் மலரையே நாம் சிவபெருமானுக்குச் சூட்டி வழிபடுகிறோம். ஒன்றன் குணம், இடம் அறிந்து வைக்கப்படும்போது பூசைக்கு உரியதாகிறது. இடம் அறியாது வைக்கப்படும்போது கேட்டுக்குக் காரணமாகிறது.

நம் கோயில்களின் தல விருட்சங்களும் இந்த அறிவையே உணர்த்துகின்றன. கடற்கரையை அடுத்த மயிலாப்பூரில் புன்னை; பிச்சாவரத்து உப்பங்கழிகளில் இன்றும் காணப்படும் தில்லை, அதற்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில். அந்த மண்ணில் தானே வாழவல்ல மரத்தையே அங்கு எழுந்தருளியிருக்கும் இறைவனுக்கு உரிய மரமாகக் கண்ட முன்னோர், அழகைத் தேடி வேற்றிடம் போகவில்லை. கண்ணுக்கினிய பூவுக்காகவும் விரைந்த வளர்ச்சிக்காகவும் நாம் சென்னையின் தெருக்களை நிரப்பிய குல்மொஹரும் இயல்வாகையும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது பெருந்தொகையாக வீழ்ந்தன. மண்ணுக்குரிய வேம்பும் புங்கமும் சில வீழ்ந்தன என்றாலும், நிலைத்து நின்றவற்றிலும் அவை பல. அன்று வேரோடு சாய்ந்தவற்றைக் குறை சொல்வதில் நியாயமில்லை; ஆழ வேரோட இடம் தராத தெருவில், புயல் வரும் கரையில், அவற்றை நிறுத்தியவர்கள் நாமே.

இனி, தாங்கும் ஆற்றல் ஒன்றே மரத்தைத் தேர்வதற்குப் போதுமான குணமா என்று கேட்போம். சீமைக் கருவேலத்தைக் காட்டிலும் வன்மையுள்ள மரம் நம் வறண்ட மாவட்டங்களில் எது? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அம்மரம், நீர் இல்லாவிடினும் வாழும், வெட்டினாலும் துளிர்க்கும், உவர்நிலத்திலும் செழிக்கும். ஆனால் தான் நின்ற இடத்தில் பிறவற்றை எளிதில் வாழவிடுவதில்லை. எந்த நிலத்திலும் விரைந்து வளர்ந்து பசுமை காட்டுகிறது என்பதற்காகவே பல நகரங்களில் நடப்பட்ட கொனோகார்பஸ் மரத்தை, அதனால் விளையும் தீங்குகளைக் கருதிக் குஜராத் அரசு 2023ஆம் ஆண்டில் தடைசெய்தது. தன்னைக் காத்துக்கொள்ளும் வன்மை வேறு. பிறரைத் தாங்கும் வன்மை வேறு. திருவள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில், ஊர் நடுவே பழுத்த பயன்மரத்தையும், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரத்தையும் பெருந்தகைமையுள்ளவனுடைய செல்வத்திற்கு உவமையாக்கினார். அம்மரங்கள் எத்தனை காலம் வறட்சியைப் பொறுத்தன என்று அவர் கணக்கிடவில்லை. பொறுத்து நின்றது யாருக்குப் பயன்பட்டது என்பதே அறநூலாரின் அளவுகோல்.

இதுவரை மரத்தின் குணத்தைப் பேசினோம். நம் குணத்தைப் பேச வேண்டிய இடம் இதுதான். தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று வகுத்து, தொடுவுணர்வு அவற்றுக்கு உண்டெனக் கொண்டது. சமணரும் அவற்றை ஒரே புலனுடைய உயிர்களாகக் கொண்டு, அவற்றுக்கும் ஊறு நேராமல் நடக்க முயன்றனர். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் பரத்துவாசரின் ஐயத்திற்கு விடையிறுக்கும் பிருகு முனிவர், வெப்பத்தால் இலை வாடுவதையும் வேரால் நீர் பருகுவதையும் எடுத்துக்காட்டி, மரங்களுக்கு உயிரும் உணர்வும் உண்டென நிறுவுகிறார். நம் தத்துவங்கள் பலவாறு பிரிந்தாலும், மரத்தை வெறும் ஜடப்பொருளாகக் கருதி அதன்பால் நமக்குக் கடமையே இல்லை என்று கைகழுவ இவை இடம் தரவில்லை. ஆனால் நடைமுறையில் என்ன செய்கிறோம்? வன்மையுள்ள மரம் என்று பெயர் சூட்டிய மறுகணமே, அதற்கு ஓரடிக் குழி போதும் என்கிறோம். நாற்றங்காலில் நெடுநாள் கிடந்து பாலிதீன் பைக்குள் வளையமாகச் சுருண்ட வேரைப் பிரிக்காமலே புதைக்கிறோம். அடிமரம் வரையில் சிமெண்டு பூசுகிறோம். விளம்பரப் பலகைக்காக ஆணி அறைகிறோம். அது தாங்கும் என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். பொறுமையுள்ள மருமகள் என்று ஊரார் புகழப் புகழ, அவ்வீட்டின் வேலையெல்லாம் அவள் ஒருத்தியின் தலையிலேயே ஏறுவதைப் போன்ற அநியாயம் இது.

பொறையுடைமையைச் சொல்லத் தொடங்கிய வள்ளுவர், தன்னை அகழ்வாரையும் தாங்கும் நிலத்தை உவமை காட்டினார். அவ்வுவமை இகழப்பட்டவனுக்குப் பொறுமையைக் கற்பிக்க வந்ததேயன்றி, அகழ்பவனுக்கு அனுமதிச் சீட்டாக வந்ததன்று. பொறுமை என்பது பொறுப்பவனுடைய அறம்; அதனைப் பிறன் தன் வசதிக்காகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்போது அது சுரண்டலாக மாறிவிடுகிறது. மனிதருக்குள் நாம் நன்கறிந்த இந்த வேறுபாட்டை, மரத்தினிடத்தில் மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

இங்கே கருணையின் இயல்பைப் பற்றியும் சிறிது சிந்திக்க வேண்டியிருக்கிறது. பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி. பயிர் வாடக் கண்டு தாமும் வாடினார் வடலூர் வள்ளலார். இருவர் உள்ளத்தையும் உருக்கியது கண்ணெதிரே தெரிந்த துன்பம். வன்மையுள்ள செடியோ தன் துன்பத்தை எளிதில் காட்டுவதில்லை. மெல்லிய இலையுள்ளது ஒரு நாள் நீரின்றேல் தலைசாய்ந்து நம்மிடம் முறையிடும். அரளியும் வேம்பும் உள்ளே வறண்டுகொண்டே வெளியே பசுமை காட்டி நிற்கும். அவை வாடியதை நாம் காணும்போது பல வேளைகளில் காலம் கடந்திருக்கும். ஆகவே, வாட்டத்தைக் கண்டபின் எழும் இரக்கம் இம்மரங்களுக்குப் போதாது. காணாத தாகத்தையும் அறிவினால் உணர்ந்து, கேளாமலே ஈயும் இரக்கம் வேண்டும். ஞானமும் கருணையும் ஒன்றையொன்று பிரியலாகாது என்று பெரியோர் வற்புறுத்தியதன் பொருளை, ஒரு நடைபாதை மரத்தின் அடியில் நின்றே நாம் கற்றுக்கொள்ளலாம்.

நீரும் பணமும் குறைந்த நகரத்தில் ஒவ்வொரு மரத்தையும் குழந்தையைப்போல் வளர்க்க இயலுமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுடைய கேள்வி நேர்மையானது. அதற்கு விடை, வன்மையுள்ள மரத்தின் சுபாவத்திலேயே இருக்கிறது. இடத்துக்கேற்ற மரம் என்றென்றைக்கும் நம் கையை எதிர்பார்ப்பதில்லை. வேர் ஆழ்ந்து இறங்கும் முதல் இரண்டு மூன்று கோடைகளில்தான் நம் தண்ணீரை வேண்டுகிறது. அக்காலத்தில் ஒரு கூண்டு, ஊன்றி நிறுத்த ஒரு கழி, வாரந்தோறும் ஆழ நனையும்படி நீர், வேரைச் சுற்றிச் சிமெண்டு படாத ஒரு வட்டம் மண், இவ்வளவே அது கேட்கும் தட்சிணை. 2013ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லி நகரத்து மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. ஆணையிட்டுப் பெறவேண்டியதாயிற்றே அந்த ஒரு மீட்டர் மண் என்பது வருந்தத்தக்கது. ஆயினும் அவ்வாணை நியாயமானது.

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று நம் தாய்மார் சொல்வார்கள். வறுமையிலும் துயரத்திலும் இறைவனிடம் கொண்ட நம்பிக்கையைத் தெரிவிக்கும் சொல் அது. அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மரம் வைத்த மனிதன் அதற்குத் தண்ணீர் ஊற்றாமல் இருக்கமாட்டான் என்பது ஊரறிந்த உண்மையாக இருந்ததனால் அன்றோ, உலகைப் படைத்தவனும் நம்மைக் கைவிடமாட்டான் என்று அதிலிருந்து துணிந்தார்கள்? மனிதனின் சிரத்தையைச் சான்றாகக் கொண்டு கடவுளின் கருணையை அனுமானித்த மக்கள் நாம். நட்ட அன்றைக்குப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, தாங்கும் மரந்தானே என்று திரும்பிப் பாராமல் போகும் வழக்கம் பெருகுமானால், மரம் மட்டுமா பட்டுப்போகும்? அச்சொல்லுக்கு ஆதாரமாயிருந்த சான்றும் பட்டுப்போகும். கர்நாடகத்தில் தம் கணவரோடு குடங்களில் நீர் சுமந்து சாலையோரத்தில் நூற்றுக்கணக்கான ஆலங்கன்றுகளை வளர்த்து, 2019ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற சாலுமரத திம்மக்கா, வன்மையுள்ள ஆலையே தேர்ந்தார். தேர்ந்ததோடு தம் தோளையும் அதற்குக் கொடுத்தார். மக்கட்பேறு இல்லாத அவர் அம்மரங்களையே மக்களாகக் கொண்டார் என்பதை நாடு அறியும்.

ஆகையால் வன்மையுள்ள மரத்தைத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்ததனால் நம் கடமை தீர்ந்தது என்று எண்ண உரிமை இல்லை. மரத்தின் வன்மை அது தன்னோடு கொண்டுவரும் சீதனம். நாம் கட்டவேண்டிய கடனுக்கு அதனை ஈடாக வைக்கலாகாது. சாலைக்கு மரம் தேர்ந்தெடுக்கும் அதிகாரி, தம் பட்டியலில் மரத்தின் பெயருக்கு எதிரே, முதல் மூன்று கோடைகளில் அதற்குத் தண்ணீர் கொண்டுவருபவர் யார், வேருக்கு விடப்படும் மண் எவ்வளவு என்ற இரண்டையும் எழுதிய பிறகே தேர்வு முடிந்ததாகக் கருத வேண்டும். தம் வீட்டு வாசலில் நகராட்சி நட்டுவிட்டுப் போன கன்றைப் பார்க்கும் குடிமகனும், அது யாருடைய மரம் என்று விசாரிப்பதை விட்டு, அதன் நிழலில் நாளை நிற்கப்போகும் முகமறியாத மனிதருக்காக ஒரு குடம் நீரைச் சுமக்க வேண்டும். பலனைத் தனக்கென விரும்பாமல் செயலைச் சிரத்தையோடு செய்வதைத்தான் நம் சான்றோர் நிஷ்காமிய கர்மம் என்றார்கள். அதனைப் பயில்வதற்கு ஒவ்வொருவர் தெருவிலும் இடம் இருக்கிறது.