ஒற்றைக்கண் குதிரையும் திருநாள் கடைப் பொம்மையும்



ஆகஸ்டு மாதச் சலேத் மாதா திருநாள் முடிந்தபின் ஒரு தாய் என்னிடம் வந்தாள். "சாமி, பார்பி பொம்மை வேண்டுமென்று பிள்ளை அழுதாள். அதைப் போலவே ஒன்றை நூறு ரூபாய்க்கு வாங்கி, 'இதுதான் அது' என்று கொடுத்துவிட்டேன். பாவமா?" என்று கேட்டாள். இந்த ஒரு கேள்வியில் மூன்று அடங்கியிருக்கின்றன.

முதலாவது, பொருளின் குறை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கூறும் நியாயம் இது: ஒற்றைக்கண் குதிரையை விற்கிறவன், குறை கண்ணுக்குத் தெரிய, விலையையும் தக்கபடி குறைத்தால், அதை வாய்விட்டுச் சொல்லக் கடமையில்லை. மறைந்த குறையால் வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ நேருமானால், சொல்லியே தீரவேண்டும். மலிவுப் பொம்மையின் முடி உதிர்வது ஒற்றைக்கண் போன்றது. சாயத்திலுள்ள ஈயமோ மறைந்த குறை. குழந்தை அதை வாயில் வைக்கும். இத்தகைய ஆபத்தைத் தடுக்கவே 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. அதைப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, பிறர் பெயர். "கம்பெனிக்காரன் பணக்காரன், அவனுக்கென்ன நஷ்டம்?" என்பீர்கள். 1959-இல் வந்த பார்பியே, 1955-இல் ஜெர்மனியில் வெளியான லில்லி என்ற பொம்மையைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான். லில்லியின் உரிமையை மேட்டல் கம்பெனி 1964-இல்தான் விலைகொடுத்து வாங்கியது. ஆனால் ஒருவன் தவறு இன்னொருவனுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. நம் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. வேற்றூர்ப் பூண்டை அந்தப் பெயரில் விற்றால் நம் விவசாயியின் வயிறு எரியாதா? நமக்கு நேர்ந்தால் களவு, தூரத்திலுள்ளவனுக்கு நேர்ந்தால் வியாபாரமா? பொம்மை செய்வது எவருக்கும் உரியது. பிறன் பெயரையும் முகத்தையும் திருடி விற்பது ஏழாம் கற்பனைக்கு விரோதம்.

மூன்றாவதே முக்கியமானது: தாயின் வார்த்தை. மலிவாக வாங்கியது பாவமல்ல, வறுமையும் பாவமல்ல. 'இதுதான் அது' என்றது எட்டாம் கற்பனைக்கு விரோதமான பொய். அற்பப் பாவந்தான். ஆனால் திங்கட்கிழமை பள்ளியில் இன்னொரு பிள்ளை சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடும். அன்று உடைவது பொம்மையல்ல, தாயின் சொல். சர்வேசுரன் உண்டென்பதையும், நம் செபத்தை அவர் கேட்கிறாரென்பதையும் குழந்தை முதலில் நம்புவது அந்தச் சொல்லைக் கொண்டுதானே?

ஆகவே அந்தத் தாய்க்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை மடியில் வைத்து, "கண்ணே, இது அதுவல்ல. அம்மாவால் இயன்றது இது, உனக்காக வாங்கினேன்" என்று சொல்லுங்கள். பிள்ளை சற்று அழலாம். அழுது முடித்தபின், அந்தப் பொம்மைக்கு அதுவே ஒரு புதுப்பெயர் வைக்கும்.

உங்கள் பங்கு குரு