பிறந்தநாள் விழாவும் பௌத்தர் கடமையும்

பிறப்பினைத் துன்பமென ஓதும் நாவினால் பிறந்தநாள் வாழ்த்துக் கூறுதல் தகுமோ? சுற்றத்தார் கூடி விருந்துண்ணுதலும், பரிசில் வழங்குதலும், மேடையிட்டு இசைக் கச்சேரி நிகழ்த்துதலும் திரிசரணம் ஏற்றவர்க்கு ஏற்ற செயல்களோ? பெங்களூரில் நம்மவர் கூடும் பௌர்ணமிக் கூட்டங்களில் இவ்வினாக்கள் அடிக்கடி எழுகின்றன. முதியோர் சிலர், “இவையெல்லாம் வீண் ஆடம்பரம், விட்டொழியுங்கள்” என்கின்றனர். இளைஞரோ, “ஊரார் அனைவரும் மகிழ்ந்திருக்க நாம் மட்டும் முகம் வாடியிருத்தல்தான் பௌத்தமோ?” என்று கேட்கின்றனர். இரு சாராரும் உண்மையில் ஒரு பாதியையே பற்றி நிற்கின்றனர் என்பது நமது எண்ணம். ஆகலின் இதனைப் பகவன் போதனையின் துணைகொண்டு ஆராய்வோம்.

முதல் வாய்மையில் பிறப்பும் துன்பமெனச் சொல்லப்பட்டிருப்பது மெய்யே. ஆயின் அதே பகவன், மானிடப் பிறவியின் அருமையையும் எடுத்துரைத்தார். பெருங்கடலில் நூறாண்டுக்கு ஒருமுறை தலைதூக்கும் குருட்டு ஆமை, அலையில் மிதந்து திரியும் ஒற்றைத் துளை நுகத்தடியில் தன் கழுத்தை நுழைத்தல் எத்துணை அரிதோ, அதனினும் அரிது மனிதராய்ப் பிறத்தல் என்பது அவர் காட்டிய உவமை. இவ்விரு போதனைகளும் ஒன்றோடொன்று முரணுவன அல்ல. தறியில் நிற்கும் தொழிலாளி இழை அறும் என்பதை அறிவான். அறியினும் நெய்தலை அவன் கைவிடுவதில்லை. அறும் என்று அறிந்தமையாலேயே கண்ணை இழையின்மேல் வைக்கின்றான். அவ்வாறே பிறவியின் துன்பத்தை உணர்ந்தவனே கிடைத்த பிறவியை விழிப்போடு செலவிடுவான். எனவே, “பிறந்தநாள் கொண்டாடலாமா?” என்பதினும், “அந்நாளில் எதனைக் கொண்டாடுகிறோம்?” என்பதே கேட்கத்தக்க வினா.

தமிழ்நாட்டில் பிறந்தநாள் விழா மிகப் பழமையானது. அரசன் பிறந்தநாளைப் பெருமங்கலம் எனக் குறித்து, அந்நாளில் அவன் செற்றம் நீங்கியிருப்பான் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்துள்ளது. சிறைப்படுத்தல் முதலிய சினச் செயல்களை அன்று அவன் கைவிடுவான் என்பது உரைகாரர் தரும் விளக்கம். பிறந்தநாள் என்பது பெறும் நாளாக அன்றிப் பகையை விடும் நாளாக எண்ணப்பட்ட சிறப்பினை நாம் மறத்தலாகாது. எனினும் அந்த மங்கலம் மன்னனுக்கு உரியது. உழுதவர்க்கும் பறை முழக்கியவர்க்கும் பிறந்தநாள் என ஒரு நாள் இருந்ததாக ஏடுகள் எதுவும் பேசவில்லை.

நம் பாட்டனார் காலம் வரையிலும் இதே நிலைதான். “பெருமழை பெய்த ஆண்டு”, “ஆலை வேலைநிறுத்தத்துக்கு அடுத்த ஐப்பசி” என்று தாய்மார் மனக்கணக்கு வைத்திருந்தனர். பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் தம் எண்ணப்படி ஒரு தேதியை எழுதினார். ஆலையில் சேர்ந்த நாளிலும் ஏறக்குறைய அவ்வாறே ஒரு தேதி எழுதப்பட்டது. அத்தேதி ஒரே ஒருமுறைதான் பயன்பட்டது. வேலையினின்று ஓய்வு கொடுத்து அனுப்பும் நாளைக் கணக்கிடுதற்கு! பிறந்தநாளே இல்லாதிருந்த மக்களின் பேரக் குழந்தை இன்று தன் பெயர் எழுதிய பண்டத்தின்முன் நின்று விளக்கேற்றிக் கைதட்டிச் சிரிக்கின்றதென்றால், அதனை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

இதனினும் ஆழமான காரணம் ஒன்றுண்டு. நம் மக்கள் இழிவுபடுத்தப்பட்டது எதனால்? கல்வியாலோ, ஒழுக்கத்தாலோ அன்று, பிறப்பினால் அன்றோ? பிறப்பினால் ஒருவன் இழிந்தவனாவதில்லை, செய்கையினாலேயே ஆகின்றான் என்று வசல சூத்திரத்தில் பகவன் அறிவுறுத்தினார். 1898-இல் அயோத்திதாச பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியதும், கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் அதன் கிளைகள் தழைத்ததும், பிறப்பின்மேல் சுமத்தப்பட்ட அந்தப் பழியைத் துடைத்தற்பொருட்டே. இவள் பிறந்தது நமக்குப் பெருமை என்று ஒரு குடும்பம் தன் மகளைச் சுற்றி நின்று கூறுமாயின், அது நூற்றாண்டுப் பழிக்கு உரைத்த மறுமொழியாகும். இவ்வகையில் பிறந்தநாள் மகிழ்ச்சி நமக்கு உரியதே என்று துணிந்து கூறுவோம்.

நாம் பொதுவில் கொண்டாடும் பிறந்தநாள் ஒன்றும் இதற்குச் சான்றாக உள்ளது. பாபாசாகேப் அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14-ஆம் நாள். 1928-இல் புனே நகரில் சனார்தன் சதாசிவ் ரணபிசே என்னும் தொண்டர் அந்நாளை முதன்முதலாகப் பொது விழாவாகக் கொண்டாடினார். இன்று பெங்களூரின் தெருக்கள்தோறும் நீலக்கொடி பறக்கின்றது. ஆயின் பாபாசாகேப் பிறர் பிறந்தநாளை எவ்வாறு கொண்டாடினார் என்பதையும் காணல் வேண்டும். 1943 சனவரி 18-இல், மகாதேவ கோவிந்த ரானடேயின் 101-ஆவது பிறந்தநாள் விழா புனேயின் கோகலே நினைவு மண்டபத்தில் நிகழ்ந்தது. அங்கே உரையாற்ற வந்த பாபாசாகேப் புகழ்மாலை சூட்டியதோடு நின்றாரல்லர். பெரியோர் எனப்படுவோரை அளக்கும் அளவுகோல் யாது என்று ஆராய்ந்தார். மனிதரைத் தெய்வமாக்கித் தொழும் போக்கினைக் கண்டித்தார். பிறந்தநாள் சிந்திக்கும் நாளாகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, பிறந்தநாள் யாருடையது என்று பார்ப்போம். பிறந்த குழந்தை அன்று எதனையும் செய்ததில்லை. உயிரைப் பணயம் வைத்தவள் தாய். லும்பினியில் சித்தார்த்தரை ஈன்ற மாயாதேவியார் ஏழாம் நாள் காலமானார். தங்கை மகாபிரஜாபதி கௌதமியார் அக்குழந்தையைப் பாலூட்டி வளர்த்தார். பாபாசாகேபும் தம் இளம் வயதிலேயே அன்னை பீமாபாயை இழந்தவர். நாம் பெரிதும் போற்றும் இரு பிறந்தநாள்களின் பின்னும் மறைந்துபோன தாய் ஒருத்தி நிற்கின்றாள். பெற்றோரை இரு தோள்களிலும் சுமந்து நூறாண்டு தொண்டு புரியினும் அவர் கடன் தீராது. அவர்களை நம்பிக்கையிலும் சீலத்திலும் ஈகையிலும் ஞானத்திலும் நிலைபெறச் செய்பவனே அக்கடனைத் தீர்ப்பவன் என்பது அங்குத்தர நிகாயம் காட்டும் நெறி. ஆதலால் பிறந்தநாளில் முதல் வணக்கமும் முதல் கவளமும் தாய்க்கு உரியன. அடுக்களையில் அன்று முழுவதும் அவளை வேகவைத்துவிட்டு, மண்டபத்தில் மகன் மாலை சூடி அமர்தல் நன்றி மறந்த செயலாகும்.

அடுத்தது பரிசில். நல்லோர் கொடை ஐந்து இயல்புகள் உடையதெனப் பகவன் கூறினார்: நம்பிக்கையோடு கொடுத்தல், மதிப்போடு கொடுத்தல், காலமறிந்து கொடுத்தல், தாராள மனத்தோடு கொடுத்தல், தனக்கும் பிறர்க்கும் ஊறின்றிக் கொடுத்தல். இவற்றுள் ஐந்தாவதை நம்மவர் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும். நாம் அறிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டா. தந்தை சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலாளி. மகளின் முதலாண்டு நிறைவுக்காக நூற்றுக்குப் பத்து மாத வட்டியில் கடன் வாங்கி, மண்டபம் பிடித்து, பாட்டுக் கச்சேரி வைத்து, வந்தோர்க்கெல்லாம் பதில் பரிசும் வழங்கினார். ஊரார் புகழ்ந்தனர். குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கைக்கான நாள் வந்தபோது, விழாவில் மாமன் போட்ட கம்மல் அடகுக் கடையில் இருந்தது. வட்டி இன்னும் தீரவில்லை. அவ்விழாவில் யார் யாருக்குப் பரிசு கொடுத்தனர்? குழந்தையின் பெயரைச் சொல்லிக் குழந்தையினிடமிருந்து வாங்கப்பட்டதே அவ்விழா என்று கூறின் தவறாகுமோ?

“ஏழைக்கு ஆண்டில் ஒருநாள் மகிழ்ச்சியும் ஆகாதா?” என்று சிலர் சினப்பர். ஆகும். செலவிற்கு அளவும் பகவனே வகுத்துள்ளார். ஈட்டிய பொருளை நான்கு கூறாக்கி, ஒரு கூற்றைத் துய்த்தற்கும், இரு கூற்றைத் தொழிலுக்கும், ஒரு கூற்றை இடர்வரும் காலத்துக்கும் வைக்குமாறு சிகாலோவாத சூத்திரத்தில் இல்லறத்தானுக்கு உரைத்தார். பிறந்தநாள் துய்த்தற்குரிய கூற்றினுள் அடங்குமாயின் யாரும் குறைகூறுதற்கு இடமில்லை. இடருக்கு வைத்ததையோ கந்துவட்டிக்காரன் பணத்தையோ அது தின்னுமாயின், மகிழ்ச்சி ஓரிரவுக்கும் துன்பம் பல்லாண்டுக்குமாய் முடியும். கடனின்மையையும் இல்லறத்தாரின் இன்பங்களுள் ஒன்றாக அநாதபிண்டிகருக்குப் பகவன் எண்ணிக் காட்டினார் என்பதை நினைவிற் கொள்க.

மொய் எழுதும் வழக்கத்தையும் இங்கே கருதவேண்டும். குறிப்பேட்டில் பெயரும் தொகையும் எழுதி, மறுவிழாவில் திருப்பிச் செய்வது கைமாற்றேயன்றித் தானமன்று. எளியோர் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடென்ற அளவில் அதனை இகழோம். ஆயின் செய்த மொய் திரும்பவில்லையென்று அண்ணன் தம்பி பேச்சறுந்து நிற்கும் வீடுகள் எத்தனை! ஆகவே மொய்யைக் கடன் கணக்கில் வைத்து, அன்று திருப்பித்தர இயலாத ஒருவர்க்கேனும் ஒரு கொடை புரிதல் வேண்டும். அதுவே பரிசில் என்னும் பெயருக்குத் தகும்.

கச்சேரியைப் பற்றியும் ஐயம் பலருக்குண்டு. உபோசத நாளில் அட்டசீலம் ஏற்போர் ஆடல் பாடல் இசை காட்சிகளை விலக்குவர். ஏனைய நாள்களில் பஞ்சசீலம் காக்கும் இல்லறத்தார்க்கு அவ்விலக்கு இல்லை. பஞ்சசிகன் என்னும் கந்தருவன் வில்வமரத்து யாழை மீட்டி, காதலும் தம்மமும் கலந்த பாட்டொன்றைப் பகவன் திருமுன் பாடினான் எனத் தீக நிகாயம் கூறும். பகவன் செவியை மூடிக்கொண்டாரல்லர். நரம்பொலியும் பாட்டும் இசைந்து நின்றமையைப் பாராட்டினார். ஆயின் ஆட்டமும் பாட்டும் முழவும் எங்கே எங்கே என்று ஓயாது தேடித் திரிதல் பொருளழிவின் வாயில் என்றும் சிகாலனுக்கு எச்சரித்தார். இசை குற்றமன்று, இசைக்கு அடிமையாதலே குற்றம் என்று இதனால் தெளியலாம்.

நம்மவர்க்கு இசையிற் பெருங்கடமை ஒன்றுமுண்டு. பறை முழக்கியோரைச் சாவுக்கு மட்டும் அழைத்து வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர்கள் பல. அப்பறையைப் பிறந்தநாள் பந்தலில், முன்வரிசையில் நாற்காலி இட்டு அமர்த்தி முழங்கச் செய்தல் அறமாகும். பேசிய கூலியை அன்றிரவே கையிற் கொடுத்தலும் அறமாகும். மதுவை விலக்கல் ஐந்தாம் சீலம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியை விலக்கி 2000-ஆம் ஆண்டில் விதிகள் இயற்றப்பட்டன. அடுத்த வீட்டில் நோயாளியும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரும் இருப்பாராயின், விதி கூறுதற்கு முன்னரே கருணை கூறவேண்டாவா?

இத்தனைக்கும் உரைகல்லாக நம் தமிழ்ப் பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையில் ஒரு நிகழ்ச்சி உள்ளது. பிறந்தவுடன் கைவிடப்பட்டவன் ஆபுத்திரன். ஏழு நாள் பசு ஒன்று பாலூட்டிக் காத்த குழந்தை. வேள்விப் பசுவை மீட்டதற்காக அவன் பிறப்பையே சொல்லி அவனைப் பழித்துத் துரத்தினர். அவன் கைக்கு வந்ததே அள்ளக் குறையாத அமுதசுரபி. உண்பாரில்லாத மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டபோது, ஆண்டுக்கொருமுறை தோன்றி அருளுடையார் கையிற் சேர்க என்று சொல்லி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டான். அது எந்நாளில் நீர்மேல் எழுகின்றது? வைகாசி விசாகத்தில், புத்தர் பெருமான் தோன்றிய அதே நாளில்! அந்நாளில் அதனைப் பெற்ற மணிமேகலை, ஆதிரையின் கையால் முதற்பிச்சை ஏற்றுப் பசித்தோர்க்கு உணவிட்டாள். சோழன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுவித்தாள். பிறப்பினால் பழிக்கப்பட்டவன் பாத்திரம் பகவன் பிறந்தநாளில் எழுந்து ஊரார் பசியைத் தீர்க்கின்றது. பிறந்தநாளின் பொருள் யாதென்று கேட்போர்க்கு இதனினும் தெளிவாக நாம் என் சொல்வோம்?

பகவன் பிறந்ததும் போதியடைந்ததும் பரிநிருவாணம் எய்தியதும் ஒரே வைகாசிப் பௌர்ணமி என்பது நம் மரபு. பெங்களூர் காந்திநகரில் 1956-இல் ஆச்சாரிய புத்தரக்கிதர் நிறுவிய மகாபோதி சங்கத்திலும் அந்நாள் முப்பெரு நாளாகவே போற்றப்படுகின்றது. நம் வீட்டுப் பிறந்தநாளிலும் இம்மூன்றையும் எண்ணுவோமாக. பிறந்தோம், ஓராண்டு கழிந்தது, இதற்குள் என்ன அறிந்தோம்?

ஆகவே அன்பர்களே, பிறந்தநாள் கொண்டாடுங்கள். காலையில் குடும்பத்தோடு திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதுங்கள். தாயை வணங்குங்கள், தாய் இல்லையேல் அவள் பெயரால் ஒருவர்க்கு உணவிடுங்கள். பிறந்த குழந்தையின் கையாலேயே முதற்பரிசைப் பிறர்க்குக் கொடுக்கப் பழக்குங்கள். பேச்சற்றுப்போன உறவினர் ஒருவர் வீட்டுக்கு அன்று நீங்களே சென்று அழையுங்கள். பிறந்த தேதி அறியாத முதியவர் உங்கள் வீட்டில் இருப்பாராயின், வைகாசிப் பௌர்ணமியை அவர் நாளாகக் கொள்ளுங்கள். மாலையில் பாட்டும் பறையும் முழங்கட்டும். விழா முடிந்த மறுநாள் காலையில் வீட்டில் ஒரு காசு கடனும் இல்லாதிருக்கட்டும்.

அனைவர்க்கும் மங்கலம் உண்டாகுக. நமோ புத்தாய.