தாமதமும் விதியா?

2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. புதுச்சேரியின் பாகூர் பகுதியில் உள்ள குருவிநத்தத்திலிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை முப்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பாகூர் வழியாக ஓடும் பஸ் நின்றதும், கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு அது எட்டாத இடமாகிவிட்டது. கீமோ தேதி எழுதிய சீட்டு வீட்டில் இருக்கும். போக வழி இருக்காது.

இது ஓர் ஊரின் கதை மட்டுமல்ல. இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2021-இல் 'லான்செட் ஆங்காலஜி' இதழில் வெளியானது. 2020 மார்ச் முதல் மே வரை அந்த மையங்களுக்குப் புதிதாக வந்த நோயாளிகள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 54 சதவீதம் குறைவு. பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதம் குறைந்தன.

புற்றுநோய்க்காரருக்கு நாள் தள்ளிப்போவது சாதாரண விஷயம் அல்ல. குளிக்கும்போது கட்டியைத் தொட்டுப் பார்த்து, போன வாரத்தைவிடப் பெருத்திருக்கிறதா என்று மனம் கணக்குப் போடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா தொற்றும் என்று பயம். போகாவிட்டால் உள்ளே நோய் பரவும் என்று பயம். பாதியில் நின்றுபோன 'கரண்ட்' வைத்தியம் (கதிர்வீச்சுச் சிகிச்சை) மறுபடி முதலிலிருந்தா என்ற கவலை வேறு. பார்க்க வந்தவர்கள் அன்போடுதான் சொன்னார்கள்: "எல்லாம் தலையெழுத்து, பொறுத்துக்கோம்மா, சாமி பாத்துக்கும்."

அந்த ஆறுதலில்தான் கேள்வி பிறக்கிறது. நோயைத் தலையெழுத்து என்று ஒருவர் ஏற்றுக்கொள்ளலாம். சிகிச்சை தாமதமாவதையும் அதே கணக்கில் எழுதலாமா? நொந்து அழுகிறவருக்குப் பக்தி போதவில்லை என்று சொல்லலாமா?

விடை தேட வெகுதூரம் போக வேண்டாம். தென்பெண்ணையைத் தாண்டினால் கடலூர்; அங்கே திருப்பாதிரிப்புலியூர். அங்கிருந்த சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு வாழ்ந்த திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்ததைப் பெரிய புராணம் சொல்கிறது. மடத்தார் செய்த எதுவும் பலிக்கவில்லை. திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் போய் விழுந்தார். அங்குள்ள வீரட்டானம் என்ற சிவன் கோயிலின் சன்னிதியில் அவர் பாடியது பொறுமையின் பாட்டு அல்ல. குடலை முறுக்கும் வலியைச் சொல்லி, என்ன பிழை செய்தேன் என்று தெரியவில்லை, இனித் தாங்க முடியாது என்று இறைவனிடமே முறையிட்டார். அந்த முறையீட்டைச் சைவம் அவநம்பிக்கையாகத் தள்ளவில்லை. நான்காம் திருமுறையின் முதல் பதிகமாக வைத்திருக்கிறது.

வள்ளுவரும் ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்தவர்தான். ஆனால் மருந்தைப் பற்றிப் பேசும் இடத்தில், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் மூன்றையும் பார்த்தே மருத்துவர் செயல்பட வேண்டும் என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து மருந்து கொடுப்பவரையும் மருத்துவத்தின் ஓர் அங்கமாகச் சேர்க்கிறார். காலம் வைத்தியத்தின் பகுதி என்றால், அது கைநழுவும்போது விதியைக் காட்டி ஒதுங்க யாருக்கும் உரிமை இல்லை.

ஊரடங்கின் முதல் வாரத்திலேயே, விதி என்று ஒதுங்காமல் ஒருவர் செய்து காட்டினார். கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 65 வயதுக் கூலித் தொழிலாளி, புற்றுநோயாளியான மனைவியைச் சைக்கிளில் உட்கார வைத்து, நூறு கிலோமீட்டருக்கு மேல் மிதித்து ஜிப்மர் வந்து சேர்ந்தார். புறநோயாளிகள் பிரிவு இயங்கவில்லை. ஆனாலும் மருத்துவர்கள் அந்த அம்மாவுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். மருந்தும் பணமும் கொடுத்து, ஆம்புலன்ஸிலேயே ஊருக்கு அனுப்பினார்கள். செய்தி படித்த ஊரெல்லாம் அவரைப் பாராட்டியது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் சைக்கிள் மிதிக்கத் தெம்புள்ள துணை இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகிப் பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. வழி அடைபடக் கொள்ளைநோய்தான் வர வேண்டும் என்பதில்லை. ஊரில் யாருக்கு எந்தத் தேதியில் கீமோ என்ற விவரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால், வழி அடைபடும் நாளில் எந்த வீட்டு வாசலுக்கு வண்டி போக வேண்டும் என்று தெரிந்திருக்கும். கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாகப் போய் வரி வசூலிக்கும் ஊர்ப் பெரியவர்களால் அந்த வண்டிக்கும் பணம் திரட்ட முடியும்.