ஹிஜ்ர் பாறைகளை எப்படிப் பார்ப்பது?

 

பெண்கள் பயான் முடிந்த ஒரு நாள், திரைக்கு அப்பாலிருந்து ஒரு மூதாட்டி அழுகுரலில் ஒரு கேள்வி கேட்டார்கள். அதை முன்வைத்தே இதை எழுதுகிறேன்.

அந்த அம்மையார் உம்ராவை நிறைவேற்றி, மதீனாவில் ஜியாரத்தையும் முடித்திருக்கிறார்கள். ஸவூதியில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகன், "வாங்க உம்மா, ஓர் அதிசயம் காட்டுகிறேன்" என்று காரில் ஏற்றி, வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் அல்உலா வரை கூட்டிப் போயிருக்கிறார். யானை போல நிற்கும் பாறையைப் பார்த்தார்கள். அதன் நிழலில் சோறு உண்டார்கள். பிறகு மலையில் குடைந்த வாசல்கள் நிற்கும் ஹிஜ்ருக்குப் போனார்கள். பேரப்பிள்ளைகள் அங்கே ஓடிப் பிடித்து விளையாடிச் சிரிக்க, எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "அது அதாபு இறங்கிய இடமல்லவா? உங்கள் உம்ராவே போச்சு" என்று சொல்லிவிட்டாளாம். "நான் தப்புப் பண்ணிட்டேனா ஹஜ்ரத்? இரவெல்லாம் தூக்கமில்லை" என்றார்கள்.

முதலில் அந்தத் தாயின் மனம் ஆறட்டும். நிறைவேறி முடிந்த உம்ரா, அதன் பின்பு ஓர் இடத்துக்குப் போனதால் முறிந்துவிடாது. மார்க்கச் சட்டத்தைக் கல்லாமல் பிறருடைய அமலைப் பாழென்று தீர்ப்புச் சொல்வதுதான் அஞ்ச வேண்டிய காரியம். ஆனால் அவர்கள் கேட்டதில் இன்னொரு பாதி இருக்கிறது. 2019-ல் அந்நாட்டு அரசு சுற்றுலா விசா கொடுக்கத் தொடங்கியபின், உம்ராவுக்குச் செல்வோர் பலர் அந்தப் பக்கமும் போய் வருகிறார்கள். ஆகவே இதை எல்லாக் குடும்பத்தாரும் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த நிலம் பார்ப்பவர்களைத் திகைக்க வைக்கும் நிலந்தான். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் கரிய கல். எரிமலைக் குழம்பு ஓடி, ஆறி, இறுகிப் போன அதை அரபிகள் ஹர்ரா என்பார்கள். (மதீனாவின் இரு பக்கங்களிலும் இருப்பது இதே இனக் கல்தான். ஹிஜ்ரி 654-ல், அதாவது 1256-ல், மதீனாவுக்கு அருகே பூமி பிளந்து நெருப்பு பொங்கியதை அக்காலத்து ஆலிம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.) அந்தக் கருமைக்குக் கீழே, சிவப்பும் மஞ்சளும் வெண்மையுமாக மணற்பாறைகள் தனித்தனியே எழுந்து நிற்கின்றன. சில தூண்கள், சில வளைவுகள், சில காளான் வடிவம். யானைப் பாறை 52 மீட்டர் உயரம். தும்பிக்கை தரையில் ஊன்றியிருக்கிறது. போய் வந்தவர்கள், "இது பூமியே அல்ல, வேறு ஏதோ கிரகம்" என்கிறார்கள்.

வேறு கிரகம் அல்ல. நம் ரப்பின் பூமிதான். மலைகளில் வெள்ளையும் சிவப்பும் அட்டக் கருப்புமான பல நிறக் கோடுகள் உண்டென்று ஸூரத்து ஃபாத்திரில் அல்லாஹு தஆலா எடுத்துக் கூறுகிறான். அந்த மூன்று நிறங்களும் அங்கே ஒரே பார்வையில் தெரிகின்றன. சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த மணல் இறுகிப் பாறையாயிற்று என்றும், மழைநீரும் காற்றும் அதன் இளகிய பாகங்களை அரித்தெடுக்க, கடினமான பாகங்கள் எஞ்சி நின்று இப்படி உருவம் கொண்டன என்றும் நிலவியலார் கூறுகின்றனர். இதையெல்லாம் பார்த்து ஸுப்ஹானல்லாஹ் என்று வியப்பதில் ஒரு குற்றமும் இல்லை. மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்று பார்க்கச் சொல்வதே குர்ஆன்தான். யானைப் பாறையின் நிழலில் சோறு உண்டதற்காக அந்த அம்மையார் வருந்த வேண்டியதில்லை. அந்தக் கல் எந்த நபியையும் பொய்ப்பிக்கவில்லை.

ஹிஜ்ரின் நிலை வேறு. அது ஸாலிஹ் (அலை) அவர்கள் அனுப்பப்பட்ட ஸமூது கூட்டத்தாரின் ஊர். மலைகளைக் குடைந்து வீடாக்கி, இனி நமக்கு ஒன்றும் வராது என்று அச்சமற்றிருந்தார்கள். அத்தாட்சியாக வந்த ஒட்டகத்தை அறுத்தார்கள். மூன்று நாள் தவணைக்குப் பின், ஒரு காலை நேரத்துப் பேரோசை அவர்களைப் பிடித்தது. சம்பாதித்து வைத்த எதுவும் உதவவில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் எதை நம்பினார்கள்? பாறையை. அது எப்படிப்பட்ட பாறை? மணலால் ஆனது. மேலே கிடக்கும் ஹர்ராக் கல்லில் உளி எளிதில் இறங்காது. இந்த மணற்பாறையில் இறங்கும். எந்த இளக்கத்தால் காற்று யானையைச் செதுக்க முடிந்ததோ, அதே இளக்கத்தால்தான் மனிதனும் அதிலே வாசல் வைக்க முடிந்தது. உளிக்கு இடம் கொடுத்த கல் காற்றுக்கும் இடம் கொடுக்கும். ஒவ்வொரு மணியாக உதிர்ந்துகொண்டிருக்கும் மணலைக் கோட்டை என்று எண்ணினார்கள்.

படித்த இளைஞர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். "இன்று அங்கே தெரிபவை ஸமூதின் வீடுகளல்ல, பிற்காலத்து நபத்தீயர் குடைந்த கல்லறைகள். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோதும் அப்படித்தான் பதிவு செய்தது" என்பார்கள். உண்மைதான். 111 பெரிய கல்லறைகள், அவற்றுள் 94 அலங்கார வேலைப்பாடு உள்ளவை. சிலவற்றின் வாசலில் உரியவரின் பெயரும் காலமும் பொறித்திருக்கிறது. அந்தக் காலம் ஈஸவி முதலாம் நூற்றாண்டை ஒட்டியது. கஸ்ருல் ஃபரீத் என்ற ஒற்றைப் பாறைக் கல்லறை மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டு, அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. இந்த ஆராய்ச்சியை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெருமானார் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது உளியின் காலத்தைக் கணக்குப் பார்த்து அல்ல. அந்த இடத்தில், அந்த மக்களின் முடிவை நினைத்து இட்ட கட்டளை அது.

ஹிஜ்ரி 9-ல் தபூக்கை நோக்கி இஸ்லாமியப் படை புறப்பட்டது. கடுமையான கோடை, நீண்ட பாதை, தண்ணீர்ப் பஞ்சம். வழியில் ஹிஜ்ர் வந்தது. அங்கே கிணறுகள் இருந்தன. தாகத்தோடு வந்த ஸஹாபாக்கள் தண்ணீர் இறைத்தார்கள், மாவும் பிசைந்துவிட்டார்கள். செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள், இறைத்த தண்ணீரைக் கொட்டிவிடும்படியும், பிசைந்த மாவை ஒட்டகங்களுக்குப் போடும்படியும், அந்த ஒட்டகம் நீரருந்த வந்த கிணற்றில் மட்டும் இறைத்துக்கொள்ளும்படியும் உத்தரவிட்டார்கள். வேதனை செய்யப்பட்ட இவர்களின் இடத்தில் அழுதவர்களாக அன்றி நுழையாதீர்கள், இவர்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்று எச்சரித்தார்கள். பிறகு தம் தலையை மூடிக்கொண்டு, வாகனத்தை விரைவுபடுத்தி, பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது.

கடுமையான தாகத்தில் கையிலிருந்த தண்ணீரைக் கொட்டினார்கள் ஸஹாபாக்கள். நாமோ அங்கே போய் நின்று, வெளிச்சம் எந்தப் பக்கம் நன்றாக விழுகிறது என்று பார்க்கிறோம்.

"அழு என்றால் அழுகை வருமா?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆலிம்கள் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள்: பலமும் நீண்ட தவணையும் பெற்ற ஒரு கூட்டம் எப்படிப் பிடிக்கப்பட்டது, நம் உள்ளத்தின் நிலையோ அல்லாஹ்வின் கையில் இருக்கிறதே என்று ஒருவன் சிந்தித்தால் அழுகை வரும். சிந்திக்கும் எண்ணமே இல்லாதவர்கள் யானைப் பாறையோடு திரும்பிவிடுவது மேல். ஹிஜ்ருக்குள் போக எந்தக் கடமையும் இல்லை. தெரியாமல் போய்ச் சிரித்து விளையாடி வந்தவர்கள் இஸ்திக்ஃபார் செய்துகொள்ளட்டும், அல்லாஹ் மன்னிப்பவன். சிறு பிள்ளைகள் மீது குற்றமே இல்லை. அவர்களை அழைத்துப் போகும் பெரியவர்கள் காரில் போகும்போதே ஸாலிஹ் நபியின் சரித்திரத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் தாமாகவே அடங்கிவிடுவார்கள்.

இதையெல்லாம் அந்த அம்மையாருக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த பயானுக்கு வந்தவர்கள், தொலைபேசியில் பேரனுக்கு அந்தத் தபூக் பயணச் சரித்திரத்தைச் சொன்னதாகக் கூறினார்கள். பையன் கேட்டானாம்: "மனுஷன் சாப்பிடக் கூடாத மாவை ஒட்டகத்துக்குக் கொடுத்தா, பாவம், ஒட்டகத்துக்கு ஒண்ணும் ஆகாதா ராத்தம்மா?"

கேள்வி சிறுவனுடையது, ஆனால் ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் எடுத்துப் பேசிய விஷயம் அது. அந்தத் தண்ணீரில் விஷம் இல்லை. ஒட்டகத்துக்குத் தடையும் இல்லை. ஏனெனில் ஒட்டகத்துக்குக் கேள்வி கணக்கு இல்லை. மனிதன் உண்ணக் கூடாதென்று விலக்கிய உணவைக் கால்நடைக்குப் போடலாம் என்ற சட்டத்தை இந்தச் செய்தியிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பேரனிடம் அப்படியே சொல்லுங்கள் என்றேன்.