குறை யாருடையது?

கிளிமூக்கு விசிறிவால் சேவலை மேசைமேல் ஏற்றியதும் எல்லாரும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பார்கள். அலகு குட்டையாக, தடித்து, அடியிலிருந்தே கிளிக்கு வளைவதுபோல் வளைந்து இறங்க வேண்டும். அடுத்தது கண். முத்துப்போல் வெளிறியிருந்தால் மதிப்பு ஏறும், சிவந்திருந்தால் இறங்கும். கொண்டைப் பூ சிறுத்துத் தலையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். கத்திப்பூவாக நிமிர்ந்து பல் காட்டினால் கதை அதோடு முடிந்தது. கழுத்தின் நீளம், காலின் திரட்சி, விரல்களின் நேர் எல்லாம் பார்த்து முடித்துக் கடைசியில் வாலுக்கு வருவார்கள். யாகுத், நூரி, கீரி, காகம், சாம்பல், பொன்றம் என்று நிறத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு ஒரு விலை. திண்டுக்கல், சேலம் பக்கத்துக் கண்காட்சிகளில் ஒரு சேவலை லட்சக்கணக்கில் விலை கேட்டார்கள் என்பது அவ்வப்போது செய்தித்தாளில் வருகிற சங்கதிதான்.

நான் பெங்களூர் தூரவாணிநகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் டெலிபோன் பாகங்களைச் சோதித்துத் தேர்வு செய்யும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஹொசகோட்டைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம், அதில் கோழி. சின்னக் கண்காட்சிகளில் நடுவராக உட்காரக் கூப்பிடுவார்கள், போவேன். "சார் ஃபாக்டரி இன்ஸ்பெக்டர், கண்ணு தப்பாது" என்று மைக்கில் சொல்வார்கள். அங்கேதான் எனக்கு உறுத்தல். தொழிற்சாலையில் எங்கள் கையில் கேஜ் இருக்கும். அதன் ஒரு முனை பாகத்துக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. மாறினால் சிவப்புப் பெயின்ட், ரிஜெக்ட் தொட்டி. அதில் எனக்கு ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. வரைபடம் முதலில் பிறந்தது, பாகம் அதற்காகப் பிறந்தது. வரைபடத்துக்கு ஒத்துவராத பாகம் பாகமே இல்லை. சேவல் அப்படியா? அது யாருடைய வரைபடத்துக்காகப் பிறந்தது? இதைக் கோழிக்காரர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள், சாமியார்களிடம் கேட்டால் கர்மம் என்பார்கள். இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை.

ஆனேக்கல் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு தம்பி இருக்கிறான். நல்ல கைராசிக்காரன். ஒரு காலையில் இரண்டு மாதக் குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் அலகைத் தடவி, இறக்கையை விரித்து, மல்லாத்தி மார்பெலும்பைத் தொட்டுப் பார்த்து, "இது தேறும்ணே, இது கறிக்கு" என்று இரண்டு கூடையில் போட்டான். பதினோரு குஞ்சில் தேறியது இரண்டே இரண்டு. மற்றவை விரல் கோணல், கொண்டை பெரிசு, கால் நிறம் மட்டு. கறிக் கூடையில் இருந்த ஒரு பெட்டைக்குஞ்சு பின்னலின் ஓட்டை வழியாகக் கழுத்தை நீட்டி, வெளியே ஊர்ந்துபோன கறையானை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது. ஒரு கொத்துகூடத் தவறவில்லை. தேறிய கூடையில் இருந்ததோ, மூக்கு வளைவுக்காகவே தேறியது, கிண்ணத்தில் வைத்ததைத் தின்றது. கீழே சிந்திய குருணையை மூன்று தடவை கொத்தியும் எடுக்க முடியவில்லை.

"அந்தப் பெட்டைக்கு என்னப்பா குறை?" என்றேன்.

"கொண்டை சரியில்லண்ணே."

"அதனால அதுக்கு என்ன நஷ்டம்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அதுக்கு ஒண்ணுமில்லண்ணே. எனக்குத்தான்."

பெரிய பெரிய தத்துவ நூலெல்லாம் சுற்றி வளைக்கிற இடத்துக்கு இவன் நேராக வந்துவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. குறை என்பது குஞ்சின் உடம்பில் இருக்கிற பொருள் அல்ல. நமக்கு அதனிடமிருந்து ஒன்று வேண்டியிருக்கிறது. அது கிடைக்காதபோது அதற்கு நாம் வைக்கிற பெயர் அது.

பக்ரீத் நெருங்கினால் சாமராஜப்பேட்டை ஈத்கா மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆட்டுக்கடாக்கள் நிறைந்து நிற்கும். வாங்க வருகிறவர் உதட்டைப் பிதுக்கிப் பல் பார்ப்பார், கொம்பை ஆட்டிப் பார்ப்பார், காதைத் திருப்பிக் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பார், நாலடி நடத்திப் பார்ப்பார். கண் பொட்டை, நொண்டி, நோஞ்சான் குர்பானிக்கு ஆகாது. பழைய ஏற்பாட்டில் லேவியராகமமும் பலிக்குப் பழுதற்றதையே கேட்கிறது. நம் மாரியம்மனுக்கு நேர்ந்துவிடுகிற சேவலும் அப்படித்தான்: கருஞ்சேவல் என்று நேர்ந்துகொண்டால் ஒரு வெள்ளை இறகுகூட இருக்கக் கூடாது, காலில் ஊனம் கூடாது. கோயில் வளாகத்தில் பலி கூடாது என்று கர்நாடகத்தில் 1959லேயே சட்டம் வந்துவிட்டது. வேண்டுதல் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

இங்கே ஒரு வேடிக்கை. தம்பியின் தோட்டத்தில் குறையுள்ள குஞ்சு சாகிறது, குறையில்லாதது பிழைக்கிறது. பலிபீடத்தில் குறையில்லாதது சாகிறது, நொண்டிச் சேவல் குப்பையைக் கிளறிக்கொண்டு கிழடாகிறது. ஒரே கோணல் விரல், ஓரிடத்தில் உயிரை எடுக்கிறது, அடுத்த தெருவில் உயிரைக் காக்கிறது. உண்மையிலேயே குறை என்பது உயிரின் தன்மையாக இருந்தால் இப்படி இடத்துக்கு இடம் புரளுமா?

சிவாஜிநகரில் அசில் இனக் கோழி வளர்க்கிற ஒரு பெரியவர், நாங்கள் பாய் என்போம், இதற்கு நல்ல விளக்கம் சொன்னார். ஆண்டவனுக்கு ஆட்டின் கறியும் ரத்தமும் போய்ச் சேர்வதில்லை, கொடுக்கிறவனின் பக்திதான் போய்ச் சேருகிறது என்று குர்ஆனிலேயே இருக்கிறதாம். பழுதற்றதைக் கேட்பது ஆட்டைப் பார்த்து அல்ல, மனிதன் விற்காத சரக்கை ஆண்டவன் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. சரிதான். ஆக அங்கேயும் பேச்சு நம்மைப் பற்றித்தான். ஆட்டைப் பற்றி அல்ல.

ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வாருங்கள். அங்கே உருவாக்கி 1989இல் வெளியிட்ட கிரிராஜா கோழியை இந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாருக்கும் தெரியும். நவம்பரில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் கிருஷி மேளா நடக்கும்போது கூட்டம் அதைச் சுற்றி மொய்க்கும். அங்கே கேட்கிற கேள்வி வேறு: எத்தனை முட்டை, எவ்வளவு எடை, வீட்டுக் கொல்லையில் நோய் தாங்குமா. என் மேசையில் கிரிராஜா முதல் பார்வையிலேயே தோற்கும். அவர்கள் தராசில் என் கிளிமூக்கு, வருஷத்துக்கு இடுகிற சொற்ப முட்டையோடு, அதைவிட வேகமாகத் தோற்கும். பெரிய முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் நடப்பதைச் சொல்லவே வேண்டாம். அங்கே ஆண்குஞ்சு பொரித்த அன்றே கழிக்கப்படுகிறது. அதன் குறை, ஆணாகப் பிறந்தது.

"இது நாங்க வச்ச சட்டமில்ல சார், ரத்தம் சுத்தமா இருக்கணும்" என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாக வருகிற சுத்தம், அதைக் காப்பது தர்மம் என்பது போன்ற தொனி. சுத்தம் என்ற அந்தப் பேச்சின் மேல் எனக்கு நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. வீட்டுக்கோழி எல்லாம் செங்காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்று டார்வின் 1868இல் எழுதினார். பெரும்பாலும் சரி. ஆனால் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிலிருந்து வந்ததல்ல, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என்று 2008இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி நம் தென்னாட்டுப் பறவை. பந்திப்பூரிலும் பிலிகிரிரங்கன் மலையிலும் விடிகாலையில் கரகரத்த குரலில் கூவுகிறதே, அதுதான். ஆக, "அசல் ரத்தம், காலைப் பாருங்க, மஞ்சள்" என்று ஒருவர் என்னிடம் சேவலைத் தூக்கிக் காட்டும்போது, அவர் காட்டுவது என்றோ நடந்த ஒரு கலப்பின் அடையாளத்தை. நான் மார்க் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

நாங்கள் மார்க் போடுகிற தர அட்டையும் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. இங்கிலாந்தில் 1835இல் சேவல் சண்டையைத் தடை செய்தார்கள். பத்து வருஷத்தில், 1845இல், லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது. சண்டைக்களத்தில் பார்த்த சேவலை மேசைமேல் பார்க்க ஆரம்பித்தார்கள். 1874இல் அமெரிக்காவில் ஒவ்வோர் இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று புத்தகமே போட்டுவிட்டார்கள். நம் நாட்டிலும் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் சேவலை மோதவிடுவதைக் குற்றமாக்கியது. கண்காட்சியில் சேவல் கத்தி கட்டாமல், ரத்தம் சிந்தாமல், வாலை விரித்து நின்றாலே போதும். இது சின்ன முன்னேற்றம் அல்ல. கண்காட்சியே பாவம் என்று பேசுகிறவர்களோடு நான் சேராததற்கு முதல் காரணம் இதுதான்.

அதற்கும் முன்னால் நம் ஆட்கள் சேவலை வேறு விதமாக மதித்திருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டம் இந்தளூரில் ஒரு நடுகல் உண்டு. சுமார் 1500 வருஷத்துக்கு முந்தையது. போரில் செத்த வீரனுக்கு நடுகிற கல்லை அந்த ஊரார் ஒரு சேவலுக்கு நட்டிருக்கிறார்கள். அதன் பெயர் பொற்கொற்றி என்று கல்லில் வெட்டியிருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும் அப்படி ஒரு சேவல் கல் இருக்கிறது. பொற்கொற்றியின் மூக்கு வளைந்திருந்ததா, கண் முத்தா என்று கல் சொல்லவில்லை. நின்று மோதியது, அவ்வளவுதான். முருகனும் சூரபத்மனைச் சேவலாக்கிக் கொடியில் ஏற்றும்போது கொண்டையில் பல் எத்தனை என்று எண்ணியதாகப் புராணத்தில் இல்லை. எதிரியாக வந்ததையே ஏற்றுக்கொண்டார். ஆடிக் கிருத்திகைக்கு அல்சூர் முருகன் கோயிலில் நிற்கும்போது எனக்கு இந்த நினைப்பு வராமல் இருப்பதில்லை.

இன்னொரு சேவலையும் சொல்ல வேண்டும். குறுந்தொகையில் ஒரே ஒரு பாட்டால் பெயர் பெற்ற புலவர் குப்பைக் கோழியார். மோதவிட்டவரும் இல்லாமல் விலக்கிவிடுபவரும் இல்லாமல் குப்பைமேட்டில் தானாகச் சண்டையிடுகிற கோழியை உவமை சொன்னதால் வந்த பெயர். அந்தக் கோழிக்குப் பார்வையாளர் கிடையாது, நடுவர் கிடையாது, பரிசு கிடையாது. அதனால் அதற்குக் குறையும் கிடையாது.

அப்படியானால் தேர்ந்தெடுக்கவே கூடாதா? பெங்களூரில் எனக்கு ஜைன நண்பர் ஒருவர் உண்டு. "வளர்க்காதே, அப்போது கழிக்கவும் வேண்டாம்" என்பார். நேர்மையான பதில். என்னால் அதை ஏற்க முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. அடைக்கு முட்டை வைக்கிறவன் அப்போதே தேர்ந்தெடுத்துவிட்டான். எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எந்த முட்டை என்று. தேர்வே வேண்டாம் என்றால் கிளிமூக்கு பத்துத் தலைமுறையில் காணாமல் போகும், மிச்சம் வெள்ளைப் பிராய்லர். அதில் நஷ்டம் யாருக்கு? எந்தக் கோழியும் தன் இனம் அழிந்தது என்று அழுவதில்லை. நஷ்டம் நமக்கு. அதை நமக்கு என்று ஒப்புக்கொண்டே காப்பாற்றலாம், தப்பில்லை. நானும் கோழிக்கறி தின்கிறவன்தான். தம்பி அந்தப் பெட்டையைக் குழம்பு வைத்ததில் எனக்குச் சண்டை இல்லை. "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிக் கொன்றால் அது கொலை மட்டும். "இது குறை" என்று சொல்லிக் கொன்றால் கொலையோடு ஒரு பொய்யும் சேருகிறது, அந்தப் பொய் நம்மை மேலும் மேலும் துணிய வைக்கிறது.

துணிந்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஜப்பானிய பேண்டம் கோழியே சாட்சி. பெங்களூரில் பிரம்மா, சில்கி, போலிஷ் எல்லாம் வளர்க்கிறவர்களிடம் அதையும் பார்க்கலாம். கால் எவ்வளவு குட்டையோ அவ்வளவு அழகு என்பது அதன் தர விதி. குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்த்தால், கருக்கட்டிய முட்டைகளில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். அந்த மரபணு அப்படி. இரட்டையாக வந்தால் உயிர் தங்காது. இன்னொரு கால் பங்கு நல்ல நீளக் காலோடு ஆரோக்கியமாகப் பிறக்கும். கண்காட்சியில் அதுதான் ரிஜெக்ட். என் கேஜ்கூட இத்தனை கொடுமை செய்ததில்லை.

எனவே நடுவராகப் போனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சேவலை மேசைமேல் ஏற்றும் முன் தரையில் ஒரு பிடி கம்பு இறைப்பேன். கொத்தி எடுக்க முடியாத சேவலுக்கு மூக்கு எவ்வளவு வளைந்திருந்தாலும் பரிசு இல்லை. இதற்காக என்னைக் கூப்பிடுவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், நிறுத்தட்டும். அமைப்பாளர்களிடம் நான் கேட்பது இன்னும் ஒன்று: மதிப்பெண் அட்டையில் ஒரு வரி கூட்டுங்கள். இந்தச் சேவலோடு ஒரே அடையில் பொரித்த குஞ்சுகள் எத்தனை, மற்றவை எங்கே. அவர்கள் கூட்டும்வரை நீங்கள் கேளுங்கள். அடுத்த முறை கண்காட்சிக்குப் போய் ஒரு சேவலைப் பார்த்து மயங்கி, அதன் குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கக் கையை ஜேபியில் விடும்போது உரிமையாளரிடம் இந்தக் கேள்வியைப் போடுங்கள். "குறையா இருந்துச்சு, கழிச்சுட்டேன்" என்பவரை விட்டுவிட்டு, "எனக்கு வேண்டாம்னு கறிக்குப் போட்டேன்" என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.