அவர்கள் பாக்கியும் நம் புண்ணியமும்

மூணாறு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பெண்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் ஒரு சேவை நாள் நடத்தலாம் என்று எங்கள் கொழிஞ்சாம்பாறைக் குழுவில் பேச்சு வந்தது. "புண்ணியம் கிடைக்கும் டீச்சர், நானும் வரேன்" என்றார் மூத்த அக்கா ஒருவர். சேலை, நாப்கின், பிஸ்கட், ஒரு டாக்டர், பெரிய பேனர் என்று பட்டியல் நீண்டது. எனக்கு அந்தப் புண்ணியத்தில்தான் இடறியது. ஒருத்திக்குச் சேர வேண்டியதையே அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அது எப்படித் தானமாகும்?

வீடு, குடிநீர், கக்கூஸ், மருத்துவம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் எல்லாம் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. இதில் விட்டுப்போனதை நாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தால், யாரோ வைத்த கடனில் கொஞ்சம் அடைக்கிறோம், அவ்வளவே. யோவான் கிறிசோஸ்தோம் என்ற நான்காம் நூற்றாண்டுத் துறவி இன்னும் கடுமையாகப் பேசியிருக்கிறார். நம்மிடம் மிஞ்சியிருப்பது ஏழையின் சொத்து, அதைப் பகிராமல் வைத்திருப்பது திருட்டு என்பது அவர் கட்சி. அவர் கணக்குப்படி புண்ணியப் பேச்சுக்கே இடமில்லை. திருடியதைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு மாலை போடுவார்களா?

எங்கள் பக்கத்து பிளாச்சிமடையை நினைத்துப் பார்க்கிறேன். 2000இல் வந்த கொக்கோ கோலா ஆலை கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குச் சும்மாவே கொடுத்தது. அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003இல் பிபிசி எடுத்த சோதனை காட்டியது. வாங்கியவர்கள் நன்றிகூடச் சொல்லியிருப்பார்கள். இரவாளர் சமூகத்து மயிலம்மாவும் அவரோடு இருந்தவர்களும் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தது இலவசமாக எதையும் கேட்டல்ல. கெட்டுப்போன கிணற்றுத் தண்ணீர் பழையபடி வேண்டும் என்றார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

மூணாற்றிலும் 2015 செப்டம்பரில் அப்படித்தான். தினக்கூலி 232 ரூபாய் வாங்கிய கொழுந்தெடுக்கும் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடாமல் ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். பெண்பிளை ஒருமை என்ற அவர்கள் அமைப்பின் பெயர் அப்போது ஊரெல்லாம் தெரிந்தது. அந்த இருபதை யாரும் தர்மம் என்று சொல்லிவிட முடியாது.

அதற்காக நாப்கினை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. மலைச்சரிவில் மறைவிடம்கூட இல்லாமல் நிற்கிறவளிடம் சட்டப் புத்தகம் நீட்டுவது நாப்கின் கொடுக்காததைவிடக் கேவலம். கொடுக்கத்தான் வேண்டும். பேனர் மட்டும் வேண்டாம்.

லயத்துப் பெண் ஒருவரிடம் போனில் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை வராதீங்க டீச்சர். அன்னைக்குத்தான் துணி துவைக்கணும், வெறகு எடுக்கணும், கோயிலுக்குப் போகணும். நீங்க வந்தா உக்காந்து கைதட்டணும். சேலையெல்லாம் இருக்கு. பாப்பாவுக்குச் சாதி சர்டிபிகேட் வாங்க வழி இருக்கான்னு பாருங்க" என்றார்.

இது நம்மூர்த் தமிழர்களுக்குத் தெரிந்த தலைவலிதான். 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்தது என்று காட்டினால்தான் இங்கே பட்டியல் சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டிலிருந்து கொழுந்தெடுக்க வந்த பாட்டி எந்தக் காகிதத்தை முடிந்து வைத்திருப்பாள்? சர்ச் பதிவேட்டில் தாத்தாவின் ஞானஸ்நானம் கிடைத்தால் அவர் அன்றே இங்கிருந்ததற்கு அது சாட்சி. ஆனால் கிறிஸ்தவர்கள் பட்டியல் சாதியில் வரமாட்டார்கள் என்று சொல்வதும் அதே நாளில் வந்த பட்டியல் சாதி ஆணைதான். கதவைத் திறக்கிற காகிதமே கதவை அடைத்தும்விடும். ஆண்டவர் இதைப் பார்த்து என்ன நினைப்பாரோ! பேத்தி மட்டும் பிளஸ் டூ முடித்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

ஆகவே முதலில் எஸ்டேட்டின் பழைய செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் தேடப்போகிறோம். பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு, மறையூர் வழியாகத்தான் கேரளத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போக வேண்டும். சான்றிதழ் கேட்க வேண்டிய தேவிகுளம் தாலுகா ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. அந்தப் பெண்களும் கூலியை விடக் கூடாது. வரிசையில் நாங்கள் நிற்பது என்று முடிவாகி, சேவை நாளைத் திங்கட்கிழமைக்கு மாற்றினோம். வருவதாகப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள்.