பிறப்புக்கு முந்தைய பழி

கருவுற்ற பெண் ஹெராயின், மெத்தடோன் போன்ற ஓபியாய்டு வகைப் பொருள்களைத் தொடர்ந்து உட்கொண்டால், அவை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் உடலிலும் கலக்கின்றன. தொப்புள்கொடி அறுபட்டதும் அந்த வரத்து நின்றுபோவதால், பிறந்த சில நாட்களுக்குள் குழந்தை நடுங்குகிறது, கீச்சிட்டு அழுகிறது, பால் குடிக்கவும் உறங்கவும் இயலாமல் தவிக்கிறது. இத்தகைய குழந்தையைத் தத்தெடுக்கும் அமெரிக்கக் கிறித்தவக் குடும்பங்களின் முன், மருத்துவத்தால் விடையளிக்க முடியாத பழைய கேள்வி ஒன்று எழுகிறது: இந்த வேதனை யாருடைய பாவத்தின் சம்பளம்?

விவிலியம் இதற்கு ஒரே குரலில் விடை சொல்வதில்லை. தந்தையரின் குற்றம் மூன்றாம், நான்காம் தலைமுறைவரை பிள்ளைகளைத் தொடரும் என்று விடுதலைப் பயண நூல் கூற, எசேக்கியேல் நூலின் 18ஆம் அதிகாரமோ மகன் தந்தையின் குற்றத்தைச் சுமப்பதில்லை என்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, பாவம் செய்தவர் இவரா, இவரைப் பெற்றவர்களா எனச் சீடர்கள் வினவும்போது, யோவான் நற்செய்தியில் இயேசு இரண்டையும் மறுத்து அவருக்குப் பார்வை அளிக்கிறார். ஆதாமின் பாவம் மனிதர் அனைவரையும் பற்றுகிறது என்னும் ஜென்மப் பாவக் கோட்பாட்டுக்கு உருக்கொடுத்த அகுஸ்தினாரைத் துணைக்கு அழைப்பதும் இங்கே பயன்படாது. எல்லாருக்கும் பொதுவான கறை எதுவாயினும், அது இந்த ஒரு குழந்தையின் நடுக்கத்துக்குத் தனிக் காரணம் ஆகாது.

பழி தேடும் பார்வை குழந்தையின் எதிர்காலத்தையும் முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது. கிராக் கோக்கைன் பரவிய 1980களில், கருவிலேயே சிதைந்துபோன தலைமுறை ஒன்று வளர்ந்துவருவதாக அமெரிக்க ஊடகங்கள் அச்சமூட்டின. ஆனால் கருவில் கோக்கைனுக்கு ஆட்பட்ட குழந்தைகளைப் பிலடெல்பியாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த மருத்துவர் ஹாலம் ஹர்ட், அவர்களது வளர்ச்சியைக் கோக்கைனைவிட வறுமையே பெரிதும் பாதித்ததைக் கண்டார்.

ஓபியாய்டு நின்றதால் தவிக்கும் குழந்தைகளைப் பராமரிக்கும் முறையிலும் மாற்றம் நேர்ந்துள்ளது. 1970களில் மருத்துவர் லொரெட்டா பினெகன் வகுத்த முறை தும்மல், வியர்வை, நடுக்கம் முதலிய அறிகுறிகளுக்கு மதிப்பெண் இட்டு மருந்தை முடிவு செய்ய உதவியது. பின்னர் யேல் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான முறை, குழந்தை பால் குடிக்கிறதா, உறங்குகிறதா, தேற்றினால் தேறுகிறதா என்று மட்டும் பார்த்து, மங்கிய ஒளியையும் அமைதியையும் மேனியோடு மேனி சேர்த்த அணைப்பையும் முதல் மருந்தாகக் கொள்கிறது. அமெரிக்காவின் 26 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், குழந்தை வீடு திரும்பத் தகுதிபெற ஆன காலம் ஏறத்தாழ 15 நாட்களிலிருந்து 8 நாட்களாகக் குறைந்தது. இம்முறை முதலில் நாடுவது, பலரும் குற்றவாளியாகக் கருதும் ஈன்ற தாயின் கைகளையே. அவர் இல்லாத இடத்தில்தான் பிறரின் கைகள் அப்பணியை ஏற்கின்றன.

எனவே குழந்தைக்கு இரக்கம், தாய்க்குக் கண்டனம் என அன்பைக் கூறுபோடும் வளர்ப்பு நெறி அறத்தின்படி நிற்காது. தாயின் மீது வைத்த தீர்ப்பு வளரும் பிள்ளையின் காதில் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே விழும். தத்தெடுத்தோர் குழந்தை கருவில் இருந்தபோது நிகழ்ந்தவற்றை மருத்துவரிடம் மறைக்காமலும், பிள்ளையிடம் வயதுக்கேற்பப் பழியின்றியும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு உறுதியான சூழலில், சிகிச்சை பெற்றுவரும் தாய்க்குக் கதவை அடைக்காதிருக்கவும் வேண்டும்.